'இவர் போல' என்பதும் 'இவர்தான்' என்பதும்: ஆளடையாளம் காட்டும் வழிகளில் எதைக் கேட்பது?

கிழக்கில் ஒரு நீதிமன்றம். ஊரையும் ஆண்டையும் விட்டுவிடுவோம். நான் அங்கே உரைபெயர்ப்பாளராக வேலை பார்த்த காலத்தில் ஒரு நாள் அடையாள அணிவகுப்பு நடந்தது: சந்தேகநபரை வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியை ஆளைக் காட்டச் சொல்வது. சாட்சியாக வந்த அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே வரிசையைப் பார்த்தபடி நடந்தார். நான்காவது ஆளிடம் நின்றார். திரும்பி இரண்டாவது ஆளிடம் போனார். மறுபடி நான்காவது ஆளிடம் வந்து, தோளில் விரல் பட்டும் படாமலும் தொட்டு, "இவர் போலத்தான் கிடக்கு ஐயா" என்றார். நீதவானுக்குத் தமிழ் தெரியாது. நான் சிங்களத்தில் "மெயா தமய்" என்று சொன்னேன்.

'மெயா தமய்' என்றால் இவர்தான். 'மெயா வகே' என்று சொல்லியிருக்க வேண்டும், இவர் போல. அன்று எனக்கு அது பிழையாகவே படவில்லை. தொட்டுக் காட்டிவிட்டாரே, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். சாட்சி இலக்கம் 4இல் நின்றவரை அடையாளம் காட்டினார் என்று பதிவு ஏறியது. அவர் இரண்டாவது ஆளிடம் திரும்பிப் போனதும் பதிவில் இல்லை, அந்தப் 'போல'வும் இல்லை. சில மாதங்களில் எனக்கு இடமாற்றம் வந்தது. வழக்கு என்ன ஆனது என்று விசாரிக்கவும் இல்லை.

இப்போது ஓய்வு பெற்றுத் திருகோணமலையில் இருக்கிறேன். அக்காவின் மகள் இங்கே சட்டத்தரணி. கூட வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து, கண்கண்ட சாட்சிகள் ஆளடையாளம் காட்டும் முறையைத் திருத்தச் சொல்லி ஒரு முன்மொழிவு எழுதுகிறாள். "மாமா, எல்லாத்தையும் கேட்டா ஒண்டும் கிடைக்காது. ஒரு பக்கத்துக்குள்ள சொல்லோணும். எந்த முறையைக் கேக்கிறது?" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 124ஆம் பிரிவுப்படி, குற்றவாளி யார் என்று அறிவதற்காக நீதவான் அடையாள அணிவகுப்பு நடத்தலாம், நடத்த அனுமதியும் கொடுக்கலாம். சந்தேகநபரோ வேறு யாருமோ அதில் வந்து நிற்கவேண்டும் என்று பணிக்கலாம். சாட்சி மறைவான இடத்தில் இருந்து அடையாளம் காட்டவும் அனுமதிக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன். அணிவகுப்பில் காட்டியது மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்காது. பிறகு வழக்கில் சாட்சி கூண்டில் ஏறிச் சொல்லுவதற்கு அது முட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான். சட்டம் அப்படி. நடைமுறையில் அணிவகுப்பில் ஒருவர் தொடப்பட்ட அன்றே ஊர் தீர்ப்பு எழுதிவிடும்.

சரி, வழிகளுக்கு வருவோம். மிகப் பழையதும் மிக மலிவானதும், பிடித்த ஆளைத் தனியாகச் சாட்சியின் முன்னால் நிறுத்தி "இவனா?" என்று கேட்பது. இதற்கும் ஒரு நியாயம் உண்டு. சம்பவம் நடந்த சிறிது நேரத்துக்குள், அதே இடத்துக்கு அருகில் காட்டினால் ஞாபகம் பசுமையாக இருக்கும், பிழையான ஆளைப் பிடித்திருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். அமெரிக்கப் பொலிஸார் இதை இன்றும் செய்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு ஆளைக் காட்டி, அவருக்கு இரண்டு பக்கமும் பொலிஸார் நிற்க, "இவனா" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது.

நம்முடைய பகுதியில் இந்த முறைக்கு இன்னொரு பெயரும் உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் 'தலையாட்டி' யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சுற்றிவளைப்பு நடக்கும், ஆண்களை எல்லாம் பாடசாலை மைதானத்திலோ சந்தியிலோ வரிசையில் விடுவார்கள். ஜீப்புக்குள் முகத்தை மூடிய ஒரு ஆள் இருப்பார், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக முன்னால் போக வேண்டும். தலை ஆடினால் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த ஆள் யார், எங்கே வைத்து எதைப் பார்த்தவர், அடிக்குப் பயந்து ஆட்டுகிறாரா, சொந்தக் கோபத்தில் ஆட்டுகிறாரா என்று கேட்க ஒரு வழியும் இல்லை. சாட்சியின் தகுதியைச் சோதிக்க முடியாத அடையாளம் காட்டல் எப்படி இருக்கும் என்பதற்கு உலகத்தில் வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. தனியாகக் காட்டும் முறையை நான் முன்மொழிவில் முழுதாக நிராகரிக்கச் சொன்னதற்குப் பாதிக் காரணம் சட்டம், மீதிக் காரணம் இந்த ஞாபகம்.

இரண்டாவது வழியை வழி என்று யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, அதனால்தான் அது ஆகக் கெட்டது. கைப்பேசியில் ஒரு படம்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அன்ரியின் சங்கிலியைக் காலை நேரத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் அறுத்துக்கொண்டு போனார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். ஓட்டியவர் முகம் முழுக்க ஹெல்மெட். பின்னால் இருந்தவரின் முகம் மட்டும் தெரிந்தது, அதுவும் அவர் கையை நீட்டிய இரண்டு மூன்று விநாடி. கழுத்தில் கீறல், சேலை கிழிந்து, ரோட்டில் விழுந்து கிடந்தார். அடுத்த நாள் முறைப்பாடு எழுதப் போன இடத்தில் ஒருவர் தன்னுடைய போனை நீட்டி, "அம்மா, இவனா பாருங்கோ" என்று கேட்டிருக்கிறார். ஒரே ஒரு படம். மாலையில் அதே படம் வட்ஸ்அப்பில் சுற்றி அன்ரியின் மகனுடைய போனுக்கும் வந்துவிட்டது. அன்று இரவு அந்த முகத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. பிறகு அணிவகுப்பில் போய் ஒரே பார்வையில் தொட்டுவிட்டு வந்தார். எல்லாரும் கெட்டிக்காரி என்றார்கள். அவர் மட்டும் என்னிடம் ஒருநாள், "தம்பி, கண்ணை மூடினா ஒரு முகம் வருது. அது ரோட்டில பாத்ததோ போனில பாத்ததோ எண்டு எனக்கே விளங்கேல்ல" என்றார்.

இது அன்ரியின் குறை இல்லை. முகம் ஞாபகத்தில் நிற்கும், அதை எங்கே பார்த்தோம் என்பது கழன்று போகும், யாருக்கும் அப்படித்தான். அவுஸ்திரேலியாவில் டொனால்ட் தொம்சன் என்ற உளவியலாளரை ஒரு பெண் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியவர் என்று அடையாளம் காட்டினார். அந்த நேரத்தில் அவர் தொலைக்காட்சியில் நேரடி நிகழ்ச்சி ஒன்றில் பேசிக்கொண்டிருந்தார். தாக்குதல் நடக்கும்போது அந்தப் பெண்ணின் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த முகம் தாக்கியவனின் முகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. தொம்சன் பேசிக்கொண்டிருந்த விடயமே ஞாபகமும் சாட்சியமும்தான்.

போனில் படம் காட்டிய பிறகு நடத்தும் எந்த அணிவகுப்பும், எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும், அந்தப் படத்தை அடையாளம் காட்டும் சோதனையாகத்தான் இருக்கும். அணிவகுப்பு தொடங்கும் முன்பே சந்தேகநபர் "என்னை ஏற்கெனவே சாட்சிக்குக் காட்டிட்டாங்க" என்று நீதவானிடம் சொல்வதை எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். சில பேர் தப்புவதற்காகச் சொல்லியிருப்பார்கள். சில பேர் சொன்னது உண்மையாக இருந்திருக்கும். எது எது என்று பிரிக்க அந்த நேரத்தில் எந்தப் பதிவும் இருக்காது. முகத்தைச் சட்டையால் மூடி நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்களே, அது நல்ல வழக்கம்தான். ஆனால் படம் முதல் நாளே பேஸ்புக்கில் ஏறிவிட்டால் அந்தத் துணி எதை மறைக்கிறது?

படங்களைச் சரியாகப் பயன்படுத்தினால் அது தனி வழி. சந்தேகநபரின் படத்தோடு அவரைப் போன்ற வேறு ஐந்தாறு பேருடைய படங்களைக் கலந்து காட்டுவது. செலவு இல்லை, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, யாரையும் விளக்கமறியலில் வைக்காமலே செய்யலாம். வெருகலில் இருந்து ஒரு சாட்சியை நகரத்துக்கு இழுக்காமல் அவருடைய வீட்டிலேயே காட்டலாம். இவ்வளவு வசதி இருந்தும் எங்கே வழுக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1984இல் ஜெனிபர் தொம்சன் என்ற கல்லூரி மாணவி தாக்கப்பட்டார். தாக்கியவனின் முகத்தைப் பிறகு அடையாளம் காட்ட வேண்டும் என்று அந்த நேரத்திலேயே தீர்மானித்து உற்றுப் பார்த்தவர். படங்களைக் காட்டியபோது சில நிமிடம் எடுத்துத்தான் ரொனால்ட் கொட்டன் என்பவரைத் தெரிவு செய்தார், அதுவும் 'இவர் என்று நினைக்கிறேன்' என்ற அளவில். பிறகு நேரில் வரிசையாக நிறுத்தினார்கள். படத்திலும் வரிசையிலும் இருந்த ஒரே ஆள் கொட்டன். அங்கேயும் அவரையே காட்டினார். நீ படத்தில் எடுத்ததும் இவரைத்தான் என்று சொன்னார்கள். வழக்கு வந்தபோது அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. கொட்டனுக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டுக்குப் பிறகு 1987இல் மறுவிசாரணை நடந்தபோது உண்மையான ஆளான பொபி பூலை அதே பெண்ணின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவரை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்றார். 1995இல் மரபணுச் சோதனை கொட்டனை விடுவித்தது. பத்து ஆண்டுக்கு மேல் போய்விட்டது.

'நினைக்கிறேன்' என்பது எந்த இடத்தில் கழன்றது என்று பாருங்கள். அந்தச் சொல் முதல் நாளில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் தலையசைக்க, ஒருவர் உறுதிப்படுத்த, வழக்குமேடைக்கு வரும்போது அது இல்லை. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் சுமார் 10இல் 7இல் பிழையான ஆளடையாளம் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் பொய் சொல்லவே இல்லை.

இனி நம்முடைய அணிவகுப்பு. மற்றப் பல நாடுகளில் பொலிஸ் நிலையத்துக்குள் பொலிஸாரே இதைச் செய்ய, இங்கே நீதவான் முன்னால் நடக்கிறது. இதை நான் சின்ன விடயமாக எடுக்கவில்லை. புலனாய்வு செய்பவர் கையில் இல்லாத ஒரே கட்டம் அதுதான். சந்தேகநபருக்குச் சட்டத்தரணி இருப்பார், தான் எந்த இடத்தில் நிற்பது என்று அவரே தெரிவு செய்யலாம், ஆட்சேபனை சொல்லலாம். காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு.

பிழைப்பது கலந்து நிறுத்தப்படும் ஆட்களில். ஆள் பிடிக்கப் போகிறவர் நீதிமன்ற வளவில் யார் நிற்கிறார்களோ அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு முறை நான் பார்த்த வரிசை இப்போதும் கண்ணில் நிற்கிறது. சந்தேகநபர் இருபது வயதுக் கறுத்த மெலிந்த பையன், விளக்கமறியலில் இருந்து வந்ததால் தாடி முள்ளாக வளர்ந்து, இடுப்பில் பெல்ட் இல்லாமல், ரப்பர்ச் செருப்போடு நின்றான். பக்கத்தில் தண்டப்பணம் கட்ட வந்த ஓட்டோக்காரர், முப்பத்தைந்து வயதும் தொந்தியும். அதற்கடுத்து சப்பாத்தும் மடிப்புக் கலையாத சேர்ட்டும் போட்ட ஒருவர். எண்ணிக்கைக்கு வரிசை நிறைவாகத்தான் இருந்தது. அந்தச் சம்பவத்தைப் பார்க்காத நீங்கள் உள்ளே வந்திருந்தாலும் பையனைத்தான் தொட்டிருப்பீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மலிவான சோதனை உண்டு. சாட்சி முதலில் சொன்ன வர்ணனையை மட்டும், சம்பவத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத சில பேரிடம் கொடுத்து, வரிசையின் படத்தைக் காட்டி யாராக இருக்கும் என்று கேட்பது. நியாயமான வரிசை என்றால் அவர்களின் தெரிவுகள் சிதறும். எல்லாரும் ஒரே ஆளையே காட்டினால் அந்த வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் உண்மையில் நிற்பது ஒருவர்தான். கனடாவில் 1970களிலேயே ஆய்வாளர்கள் இதை ஒரு வழக்குக்காகச் செய்து காட்டிவிட்டார்கள். அலுவலகத்தில் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் முடிகிற வேலை.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே கடைத்தெருவில் நடமாடும் ஊர். தன் கூட்டத்துக்கு வெளியே உள்ளவர்களின் முகங்களை மனிதர்கள் அவ்வளவு திருத்தமாகப் பிரித்தறிவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லுகின்றன. அவை பெரும்பாலும் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் வைத்துச் செய்தவை, நம்முடைய முகங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். நம்மூரில் முகத்தை விட அடையாளம் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும்: தாடி, திருநீறு, தொப்பி, சாரம் கட்டும் விதம், பேச்சு. வரிசையில் ஒரே ஒரு தாடிக்காரர் நின்றால், தாடிக்காரன் ஒருவன் என்று சொன்ன சாட்சிக்கு வேறு போக்கிடம் இல்லை.

அடுத்தது பயம். சாட்சியும் சந்தேகநபரின் உறவினர்களும் ஒரே வேப்பமர நிழலில், சில நேரம் ஒரே வாங்கில், காலை எட்டரையில் இருந்து உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் மிரட்டத் தேவையில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பிறகு உள்ளே போய் அந்த ஆளின் தோளைத் தொட வேண்டும். நம்மூர்ச் சாட்சிக்கு இது கற்பனைப் பயம் இல்லை. 2006 ஜனவரி 2 அன்று இந்த நகரத்தின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், சாட்சி சொல்லக்கூடியவர்களில் சிலர் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். தொடாமல் திரும்பி வரும் சாட்சிக்கு ஞாபகம் இல்லை என்று பதிவு ஏறும். ஞாபகம் இல்லையா தைரியம் இல்லையா என்று பதிவேட்டில் பிரிவு கிடையாது.

124ஆம் பிரிவின் மறைவிடம் இங்கேதான் வருகிறது. சட்டம் 1979இலேயே வழி விட்டிருக்கிறது. என்னுடைய வேலைக்காலத்தில் அது பயன்பட்டதை நான் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கண்ணாடியும் அறையும் வேண்டுமே என்பார்கள். ஒரு மரத் தட்டி போதும்.

இங்கிலாந்து போன வழி வீடியோ. சந்தேகநபரின் தலையையும் தோளையும் நேராகவும் பக்கவாட்டிலும் சில விநாடி படம் பிடித்து, ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான பதிவுகளில் இருந்து அவரைப் போன்ற குறைந்தது 8 பேரைச் சேர்த்து, ஒருவர் பின் ஒருவராகச் சாட்சிக்குக் காட்டுகிறார்கள். அவர்கள் இதற்கு வந்தது சும்மா இல்லை. அடொல்ப் பெக் என்ற மனிதரை 1896இலும் 1904இலும் இரண்டு தடவை பெண்கள் வரிசையாக வந்து அடையாளம் காட்டினார்கள். இரண்டு தடவையும் பிழை, வேறொருவர் செய்த மோசடி. சிறைப் பதிவின்படி உண்மையான ஆள் விருத்தசேதனம் செய்தவர், பெக் செய்யாதவர். 1898இல் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்த பிறகும் அவரை வெளியே விடவில்லை. அந்த அவமானம் 1907இல் அங்கே குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைய ஒரு காரணமானது. 1976இல், ஆளடையாளச் சாட்சியத்தை ஆராய்ந்த டெவ்லின் குழுவின் அறிக்கையும் டேர்ன்புல் தீர்ப்பும் வந்தன. சாட்சி எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரத்தில், என்ன வெளிச்சத்தில், நடுவில் ஏதும் மறைத்ததா, முன்பே தெரிந்த ஆளா என்றெல்லாம் கேட்க வேண்டும் என்ற டேர்ன்புல் விதிகள் நம்முடைய நீதிமன்றங்களிலும் எடுத்துச் சொல்லப்படுகின்றன.

வீடியோவின் நன்மை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஓட்டோக்காரரைத் தேடி ஓட வேண்டாம். மூதூர்ச் சாட்சி மூதூரிலேயே பார்க்கலாம். வேப்பமர வாங்கு இல்லை, தோளைத் தொடுவது இல்லை. பயம் பெரிய பிரச்சினையாக உள்ள மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கான முகப் பதிவுகள் வேண்டும், அவையும் நம்முடைய முகங்களாக இருக்க வேண்டும். அவற்றை யார் வைத்திருப்பது என்ற கேள்விக்கு, சுற்றிவளைப்பில் வரிசையில் நின்ற ஒரு தலைமுறை சும்மா தலையாட்டாது. மருமகளிடம் இதை நீண்டகாலக் கோரிக்கையாக வை, முதல் வரியில் வைக்காதே என்றேன். பணம் இல்லை என்று ஒரு வரியில் திருப்பி அனுப்ப அதைவிட வசதியான கோரிக்கை வேறில்லை.

ஆட்களை ஒரேயடியாகக் காட்டுவதா, ஒவ்வொருவராகக் காட்டுவதா என்று ஆய்வாளர்களிடையே நீண்ட சண்டை உண்டு. ஒரேயடியாகக் காட்டினால் சாட்சி 'இருப்பவர்களில் யார் கிட்ட' என்று ஒப்பிட்டுத் தெரிவு செய்வார் என்று 1985இல் லின்ட்சேயும் வெல்ஸும் சொன்னார்கள். பிறகு வந்த சிலர் ஒவ்வொருவராகக் காட்டினால் உண்மையான ஆளும் தப்புகிறார் என்றார்கள். 2014இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்லவில்லை. நாமும் இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

வழக்குமேடையில் நின்று கூண்டைக் காட்டி 'அவர்தான்' என்பதை நான் அடையாளம் காட்டல் என்று சொல்லவே கூசுவேன். கூண்டில் நிற்பவர் யார் என்று மண்டபத்தில் இருக்கும் காவலாளிக்கும் தெரியும். காலமும் சேர்ந்துகொள்ளும். 1996 பெப்ரவரி 11 அன்று நம் மாவட்டத்தின் குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்ட வழக்கு 2016 ஜூலையில்தான் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் முடிந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு பேரும் விடுதலை. அன்று சிறு பிள்ளையாக இருந்தவர் இருபது வருடம் கழித்து ஒரு முகத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் எப்படி ஞாபகம் இருக்கும் என்று குறுக்குக் கேள்வி, சொல்லாவிட்டால் சாட்சியம் இல்லை. அந்தச் சாட்சி எந்தப் பக்கம் போவார்?

சிசிடிவி வந்துவிட்டதே, இனிக் கண்சாட்சி எதற்கு என்று மருமகளின் நண்பர் கேட்டார். கமெராவும் கடைசியில் ஒரு முகத்தைத்தான் தருகிறது, அதை இன்னொரு முகத்தோடு பொருத்துவது மறுபடி மனிதக் கண்தான். மங்கலான படத்தில் முன்பின் தெரியாதவரைப் பொருத்துவதில் நாம் நினைப்பதை விட நிறையப் பிழை விடுகிறோம். வண்டி இலக்கம் பிடிக்க நல்லது.

ஆகவே எதைக் கேட்பது? முறையை மாற்றச் சொல்லிக் கேட்பதை விட, இருக்கும் அணிவகுப்புக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள சில நிமிடங்களைக் கேட்கலாம் என்பது என் கருத்து. தனிப்படம் காட்டினால் அந்த அடையாளம் காட்டலைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வரிசைக்குச் சாட்சியைக் கூட்டிப் போகிறவருக்குச் சந்தேகநபர் யார் என்று தெரியக்கூடாது. நீதவான் முன்னால்தானே ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், அவருக்குத் தெரியாமல் எப்படி என்று கேட்பீர்கள். நீதவானுக்குத் தெரியட்டும், சாட்சியோடு நடந்து வருகிறவர் வேறொரு பிரிவு உத்தியோகத்தராக இருக்கட்டும். படங்கள் என்றால் ஒவ்வொன்றையும் ஒரு மட்டைக்குள் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் காட்டுகிறவருக்கே எது எங்கே என்று தெரியாது. 'அவர் வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்' என்று சாட்சியிடம் அவருடைய மொழியில் முதலே சொல்ல வேண்டும். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

இவற்றை விடவும் மேலே நான் வைத்தது அந்த முதல் சொல்லை. வெல்ஸும் பிராட்பீல்டும் 1998இல் ஒரு சோதனை செய்தார்கள். பிழையான ஆளைத் தெரிவு செய்த சாட்சிகளில் சிலரிடம் மட்டும், நல்லது, சந்தேகநபரைத்தான் காட்டியிருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவர்களின் உறுதி ஏறியது, நன்றாகப் பார்த்தேன், நன்றாகக் கவனித்தேன் என்று பார்த்த விதம் பற்றிய ஞாபகமே மாறியது. 2017இல் ஜோன் விக்ஸ்டெட்டும் வெல்ஸும் சேர்ந்து ஆய்வுகளை அலசிச் சொன்னது இதற்கு மறுபக்கம்: முறை சுத்தமாக இருந்தால், முதல் தடவை காட்டும்போது சாட்சி சொல்லும் உறுதியை நிறையவே நம்பலாம். அந்த நேரத்தில் தயங்கினார் என்றால் அந்தத் தயக்கத்தையும் நம்ப வேண்டும். வழக்குமேடையில் பிறகு வரும் உறுதிக்கு அந்த மதிப்பு இல்லை. நான் அன்று விழுங்கிய 'போல' அந்த அணிவகுப்பின் ஆகப் பெறுமதியான சாட்சியம். அது நீதவானின் காதுக்குப் போகவே இல்லை.

பொலிஸ் வாக்குமூலம் பல நேரம் சிங்களத்தில் எழுதப்படும், நீதிமன்றம் பெரும்பாலும் தமிழில் நடக்கும், மேலே போனால் ஆங்கிலம். 'போலத்தான் கிடக்கு', 'மாதிரித் தெரியுது', 'சாடையா இருக்கு', 'முகவெட்டு அப்பிடித்தான்'. ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு. மூன்று மொழி தாண்டும்போது எல்லாம் 'அடையாளம் காட்டினார்' ஆகிவிடும்.

மருமகள் போன வாரம் வரைவைக் கொண்டுவந்தாள். அணிவகுப்புப் பதிவுப் படிவத்துக்கு ஒரு புதிய கட்டம் வரைந்திருந்தாள்: 'காட்டியவுடன் சாட்சி சொன்ன சொற்கள், சாட்சியின் மொழியில், அப்படியே.' கட்டம் ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

"இதுக்குள்ள 'ஆம்' எண்டு மட்டும்தான் எழுதேலும் பிள்ளை" என்றேன். "நாலு வரிக்கு இடம் விடு. போய்ப் போய்த் திரும்பி வந்தா அதையும் எழுதச் சொல்லு."

அடிமட்டத்தை எடுத்துக் கோட்டைக் கீழே இறக்கினாள்.